நாங்கள் தாஷ்கண்ட் போகவில்லை

கல்யாண நாள் என்று ஒன்றை நாங்கள் கொண்டாடியதே இல்லை. எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. யாராவது கேக் வெட்டினால் அடுத்த தெருவரைக்கும் சிரிப்பார்கள். அப்படியே கொண்டாட ஆசைப்பட்டாலும் என் கணவர் ஊரில் இருந்தால்தானே? அவர் மஸ்கட்டில் இருந்தார். கல்யாணமான கையோடு போனவர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், மறுபடி போவார். தலை நரைத்த பிறகுதான் மொத்தமாக ஊருக்கு வந்தார்.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் போன மார்கழியில் ஒரு சாயங்காலம் போன் செய்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“உம்மா, இந்த வருஷம் ஒங்க கல்யாண நாளுக்கு நீயும் வாப்பாவும் எங்கயாவது வெளிநாட்டுக்குப் போயிட்டு வாங்க. நாலு நாள். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் நான் போட்டுர்றேன். எந்த ஊருன்னு மட்டும் சொல்லு.”

“நமக்கு எதுக்குடி அதெல்லாம்?” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு அதற்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டது.

ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை எனக்குப் பெரிதாக இருந்ததில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த நாலு நாள்தான். இந்த மனிதரோடு, நடுவில் யாரும் இல்லாமல், நாலு நாள். அவர் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டார் என்று எனக்கு ஒரு தடவையாவது தோன்ற வேண்டும். ஊருக்கு வந்து சில வருடம் ஆகியும் அது இன்னும் தோன்றவில்லை.

இதை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். குடிக்கிறவர் இல்லை, கோபக்காரர் இல்லை, ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போய் வந்து, போட்டதைச் சாப்பிடுகிற மனிதர். இவரைப் போய்க் குறை சொல்வாளா ஒருத்தி? ஆனால் அந்த சோப்பு டப்பாவை என்ன செய்வது?

மஸ்கட்டில் ஒரே அறையில் பல பேர் தங்கியிருந்தார்கள். குளியலறையில் சோப்பை வைத்துவிட்டு வந்தால் மறுநாள் அது இருக்காது. அதனால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா. குளிக்கப் போகும்போது கொண்டுபோவது, வரும்போது துடைத்துக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் வைப்பது. அந்தப் பழக்கத்தை இவர் அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். இவர் சோப்பை யார் திருடப் போகிறார்கள், நானா? குளியலறை மாடத்தில் என் சோப்பு தனியாகக் கிடக்கும். இவருடையது பெட்டிக்குள் இருக்கும். சட்டைகளும் அந்தப் பெட்டிக்குள்தான். பீரோவில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன். “இருக்கட்டும், ஒனக்கு எடம் பத்தாது” என்று சொல்லிவிட்டார். குடித்த டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஃபிரிட்ஜைத் திறக்கும் முன்னால் என் முகத்தைப் பார்ப்பார். லாட்ஜில் தங்கியிருப்பவர்கூட இன்னும் கொஞ்சம் உரிமையோடு நடந்துகொள்வார்.

வீடு என் பெயரில் இருக்கிறது, அதுவும் ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். இவர் பிறந்த வீடு இவருடைய தங்கைக்குப் போயிற்று. என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். மாப்பிள்ளை என்றால் முதல் வாரம் ராஜா உபசாரம். அந்த உபசாரம் முடிவதற்குள் விசா வந்துவிட்டது. அதற்குப் பிறகு லீவில் வரும்போதெல்லாம் அந்த உபசாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கோழி, பிரியாணி, நல்ல தட்டு, நல்ல போர்வை. விருந்தாளியாகவே வந்து, விருந்தாளியாகவே போய்க்கொண்டிருந்தவருக்கு மற்றதெல்லாம் எப்படிப் பழகும்? மஸ்கட்டில் சம்பாதித்து மாடியில் இன்னொரு வீடு கட்டினார். அது மகளுக்கு. அவள் சென்னையிலேயே இருப்பதால் பூட்டிக் கிடக்கிறது.

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். “ஒன் இஷ்டம்.” மீனா, கறியா? ஒன் இஷ்டம். சுவருக்கு என்ன வர்ணம் அடிக்கலாம்? ஒன் இஷ்டம். விருந்தாளியாகப் போன வீட்டில் காபியா டீயா என்று கேட்டால், எதுவானாலும் பரவாயில்லை என்று நாமெல்லாம் சொல்வோமே, அந்தப் பதில். நல்ல மனிதர், எல்லாவற்றையும் எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று என் தங்கை பொறாமைப்படுவாள். எனக்கோ எரிச்சலாக வரும். தனியாக இருந்த வருடங்களில் எல்லாவற்றையும் நானே முடிவுசெய்து அலுத்துப்போனவள் நான்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் முதலில் சிங்கப்பூர் என்றாள். சிங்கப்பூரில் இவர் தங்கை மகன் இருக்கிறான். நாங்கள் போய் ஹோட்டலில் தங்கினால் அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் பேசாது. கோலாலம்பூரில் என் சாச்சா மகள். பினாங்கில் எங்கள் தெருவில் பாதி. கொழும்பில் மைத்துனருக்குச் சம்பந்தி வீடு. துபாயைச் சொல்லவே வேண்டாம், இறங்கினால் விமான நிலையத்திலேயே நாலு பேர் சலாம் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளிநாடு என்று ஒன்று கிடையாது. எந்த ஊர் பெயரைச் சொன்னாலும் அங்கே ஒரு சொந்தம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். அவர்களுக்கு இறால் வைத்துச் சுட்ட வாடாவும் கருவாடும் நாகூர் அல்வாவும் கொண்டுபோக வேண்டும். அவர்கள் மாமியாருக்குத் தனியாக ஒரு பொட்டலம். கல்யாண நாளும் அதுவுமாக என்னைச் சமையல்கட்டில் பெண்களோடும் இவரை ஹாலில் ஆண்களோடும் உட்கார்த்தி வைத்து அனுப்பிவிடுவார்கள்.

“சொந்தக்காரங்களே இல்லாத ஊரா ஒண்ணு பாரு” என்றேன் மகளிடம்.

அவள் சிரித்துவிட்டு ஒரு வீடியோ அனுப்பினாள். தாஷ்கண்ட். அகலமான தெரு, இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள், எல்லாவற்றின் மேலும் பனி. தலையில் முக்காடு போட்ட ஒரு கிழவி வட்டமான ரொட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். என் வயதுள்ள ஒரு ஜோடி ஒரு ரொட்டியை வாங்கி, பிய்த்துத் தின்றுகொண்டே நடந்து போனது. அவ்வளவுதான் வீடியோ. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

ஹலால் சாப்பாடு கிடைக்கும், பள்ளிவாசல்கள் உண்டு, எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. அவருக்கும் வழி தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்துதான் தொலைந்துபோக வேண்டும். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தார். “ஒன் இஷ்டம்” வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

“மஸ்கட் போவோமே” என்றார்.

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். “அங்கதானங்க ஆயுசு பூராவும் இருந்தீங்க? இன்னும் என்ன பாக்கி இருக்கு?”

“ஒனக்குக் காட்டலாமேன்னு.” கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “நீ பார்த்ததே இல்லையில்ல. இல்ல, ஒனக்குப் பிடிக்கலைன்னா வேணாம். ஒன் இஷ்டம்.”

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர் இவரை என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டதோ அந்த ஊருக்கே கல்யாண நாளுக்குப் போவதா? இவருக்கு அங்கே ஒருத்தி இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். ஒரு ஊரோடு எப்படிச் சண்டை போடுவது?

மூன்றாம் நாள் கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் சம்பா வயல். கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. அவர் வாய்க்கால் ஓரத்தில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரயில் ஜன்னலிலிருந்து யாருடைய ஊரையோ பார்ப்பதுபோல. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர் வாயைத் திறந்து, எனக்கு இது வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் யாரோடு தாஷ்கண்ட் போவது?

மகளுக்குப் போன் செய்தேன். “மஸ்கட்டே போடு.”

“நெசமாவா உம்மா? பனி?”

“பனியெல்லாம் யாருக்குடி வேணும்? தும்மல் வரும்” என்றேன்.

அறுவடை தொடங்கியிருந்த சமயத்தில் கிளம்பினோம். தஞ்சாவூர் போகும் வழியெல்லாம் சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். டிரைவர் திட்டிக்கொண்டே ஓட்டினார். இந்தச் சாலையில் நான் எத்தனையோ முறை திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு லீவுக்கும் அவரைக் கூப்பிடப் போவேன். ஒவ்வொரு லீவு முடிவிலும் கொண்டுபோய் விடுவேன். உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

மஸ்கட்டில் இறங்கியதும் ஆள் மாறிவிட்டார். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊரில் எனக்கு நாலடி பின்னால் நடக்கிற மனிதர், இங்கே கையை வீசிக்கொண்டு முன்னால் போனார். டாக்சிக்காரரிடம் அரபியில் பேரம் பேசினார். ரூவி கடைத்தெருவில் டீக்கடை மலையாளி இவரைப் பார்த்துக் கடையை விட்டே வெளியே ஓடி வந்தார். “பாய்! பாய்!” என்று கட்டிப்பிடித்தார். இவர் மலையாளத்தில் ஏதோ சொல்ல, கடையே சிரித்தது. இவருக்கு இப்படி ஆட்களைச் சிரிக்கவைக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, யார் வீட்டுக்கோ வந்தவள்போலச் சிரித்துவைத்தேன்.

குழாய், ஓடு, குளியலறைச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஸ்டோர் பார்த்தவர் இவர். அந்தக் கடையைக் காட்டினார். பிறகு இவர் தங்கியிருந்த அறைக்குக் கூட்டிப்போனார். இப்போதும் அங்கே நம் பக்கத்து ஆட்கள்தான் இருக்கிறார்கள். மன்னார்குடிக்காரர் ஒருவர் கதவைத் திறந்து, “வாங்கம்மா, வாங்க” என்று அவசர அவசரமாகக் கொடியில் கிடந்த லுங்கிகளை உருவினார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில்கள். ஜன்னலோரத்துக் கீழ்க் கட்டில் இவருடையது. வேறு யாரோ ஒருவரின் போர்வை அதில் மடித்திருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு ஆணி.

“இது நான் அடிச்ச ஆணி” என்றார். சொன்னபோது குரலில் அவ்வளவு பெருமை. “வந்த வருஷமே அடிச்சது. இன்னும் அசையல பாரு.”

எங்கள் வீட்டில் இவர் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. நானும் அடிக்கச் சொன்னதில்லை. அந்த ஆணியை நான் தொட்டுப் பார்த்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் அவர் குளிக்கப் போனார். அவருக்குப் பிறகு நான் போனேன். வாஷ்பேசின் ஓரத்தில் அவருடைய சோப்பு ஈரமாகக் கிடந்தது. டப்பாவைக் காணோம். கண்ணாடியெல்லாம் தெறித்த நீர், கதவில் துண்டு, தரையில் செருப்பு. ஒரு மனிதர் தன் வீட்டில் குளித்தால் குளியலறை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் குளித்து முடித்து, என் சோப்பை எடுத்துத் துடைத்து, ஒரு காகிதத்தில் சுற்றி என் பைக்குள் வைத்தேன். வைத்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து, குரல் வராமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

கல்யாண நாளன்று சாயங்காலம் மத்ரா கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஒரு புல்கூட முளைக்காத பழுப்பு மலை. “பனி பார்க்க ஆசப்பட்டவளக் கொண்டாந்து மொட்ட மலையக் காட்டுறீங்க” என்று குத்திக்காட்டினேன். சிரித்தார். ஒரு கல் பெஞ்சைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார்.

“வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் இங்க வந்துருவேன். இந்த பெஞ்சில உக்காந்துதான் ஒனக்குப் போன் போடுவேன்.”

அந்த வெள்ளிக்கிழமைப் போன்கள் எனக்கு உயிர். அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். மணிக்கணக்காகப் பேசுவார். மகளின் படிப்பு, கடைக்கு வந்த ஆள், இவர் வைத்த மீன் குழம்பு, எல்லாவற்றையும் பேசுவார். நான் சொல்கிற வெட்டிப் பேச்சுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். ஊருக்கு வந்த பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

“இப்பப் பேசுங்களேன்” என்றேன்.

“என்ன பேச?”

“போன்ல பேசுவீங்களே, அது மாதிரி.”

யோசித்தார். என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். “நீதான் பக்கத்துல இருக்கியே” என்றார் கடைசியில், மன்னிப்புக் கேட்கிற குரலில். கடலைப் பார்த்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. இவர் மஸ்கட்டிலும் நான் ஊரிலும் இருந்தபோதுகூட.

நாலு நாளும் முடிந்து, ஒரு காலை நேரத்தில் திருச்சியில் வந்து இறங்கினோம். சாமானை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளிவாசலுக்கு வந்தோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் வழக்கம்போல வேன் வேனாக வந்து இறங்கிய சனம், இடுப்பில் பிள்ளைகளோடு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டார். கழுத்தை நீட்டி, அந்தக் கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கண்ணால் துழாவினார்.

“யாரத் தேடுறீங்க? டிரைவர் பார்க்கிங்லதான நிக்கிறாரு?”

திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கே வெட்கமாகிவிட்டது. “ஒன்னத்தான்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருடம் இந்தக் கதவைத் தாண்டி வந்திருப்பார்! ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம், வலது கோடியில் தூணை ஒட்டி நான் நின்றிருப்பேன். துழாவிக்கொண்டே வரும் அவர் கண் என்னிடம் வந்து நிற்கும். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடம் ஓட்டுவேன். அவரும் அதை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்த கல்யாணம் அது ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாழ்கிற கல்யாணத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நாங்களும் கற்றுக்கொள்ளவில்லை.

“கொஞ்ச நேரம் இங்கயே நில்லுங்க” என்றேன்.

“எங்க போற?”

“நில்லுங்கன்னா நில்லுங்க.”

கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கம்பியைச் சுற்றிக்கொண்டு போய், கூட்டத்தை விலக்கி அந்தத் தூண் ஓரமாக நின்றேன். பித்துப் பிடித்தவள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் எனக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். “யாரு வர்றாங்க லாத்தா?” என்று கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு. மஸ்கட்லேர்ந்து.”

கண்ணாடிக் கதவு திறந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கண் கூட்டத்தைத் துழாவிக்கொண்டே வந்து என்னிடம் நின்றது. நாலு நாளும் மஸ்கட்டில் நான் தேடிய முகம், சில வருடமாக வீட்டில் நான் தேடுகிற முகம், அதோ அங்கே வந்துகொண்டிருந்தது. கார் வல்லத்தைத் தாண்டுவதற்குள் அது அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் சோப்பு டப்பாவை வெளியே எடுப்பார் என்பதும் தெரியும். தெரிந்தும் கையைத் தூக்கி ஆட்டினேன்.

அந்தப் பெண் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரொம்ப நாள் கழிச்சு வர்றாரா?” என்றாள்.

“ஆமா” என்றேன். “ரொம்ப நாளாச்சு.”